அந்தச் சரி செல்லாது

சின்னவளுக்குத் திட்டு வாங்குவதுதான் பிழைப்பு. இதில் கேலி ஒன்றும் இல்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி. மெஷின் குதிக்கிறது, சட்டையைக் கடித்துத் துப்புகிறது, தண்ணீரைக் கூடமெல்லாம் விடுகிறது என்று யார் யாரோ கூப்பிட்டு, அவள்தான் அந்த மெஷினைப் பெற்று வளர்த்தவள் என்பதுபோல வறுத்தெடுப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "உங்க கோபம் நியாயமானதுங்க. நானா இருந்தாலும் இப்படித்தான் பேசியிருப்பேன்" என்று அவள் ஆரம்பிப்பாள். அந்தப் பக்கம் பாதிச் சூடு இறங்கிவிடும்.

மெஷின் ஓடத் தொடங்கினால்தான் புகார் முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். அந்த ஆபீசில் அப்படி இல்லை. கூப்பிட்டவர் வாயிலிருந்து "சரி" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், புகார் முடிந்தது. அலுத்துப்போய்ச் சொன்ன சரியாக இருக்கலாம், அடுப்பில் பால் பொங்குகிறதே என்ற அவசரத்தில் சொன்ன சரியாக இருக்கலாம், "சரி சரி, வைம்மா" என்று எரிந்து விழுந்த சரியாகக்கூட இருக்கலாம். எல்லாம் ஒரே கணக்குத்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே இது: சரி வரும்வரை இனிக்க இனிக்கப் பேசு, வந்ததும் நன்றி சொல்லி வைத்துவிடு. இந்த வித்தையில் சின்னவளை மிஞ்ச ஆள் இல்லை. கல்லில் நார் உரிக்கிறவள் என்று மேலதிகாரியே மெச்சுவார்.

வித்தை ஒரு பக்கம் என்றால் வியாதி மறு பக்கம். நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "சரிங்க, புரியுதுங்க, தப்பு எங்க மேலதாங்க" என்று சொல்லிச் சொல்லி, அது அவள் தொண்டையிலேயே குடியேறிவிட்டது. கடைக்காரர் அழுகல் தக்காளியை அள்ளிப் போட்டாலும் சரிங்க. வரிசையில் ஒருவன் குறுக்கே நுழைந்தாலும் சரிங்க, போங்க. பஸ்சில் தன் காலை மிதித்தவனிடம் அவளே மன்னிப்புக் கேட்டதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அக்கா வேறு பிறவி. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பெண்கூட நிமிர்ந்து நிற்கும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சின்னவள் கல்யாணம் செய்துகொண்டு, ஒத்துவராமல், முதல் வருஷமே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது அக்கா கதவைத் திறந்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும்தான் கேட்டாள். ஏன், எதற்கு, இனி என்ன என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்க வந்தபோது வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டாள். அக்காவுக்காக எதையும் செய்யலாம் என்று சின்னவள் நினைப்பது அந்த ஒரு கேள்வியை நினைத்துத்தான்.

அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பழைய தரை, பாசி பிடித்த மூலை, ஒரு நொடிதான். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, பிசியோதெரபி மையத்தில் படுக்கையும் வாக்கருமாகக் கிடந்தாள். அங்கே ஒரு நர்ஸ் தினமும் குளிப்பாட்டிவிட்டாள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு குளித்தாள். ஒருநாள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வந்தா நானே குளிப்பேன். யாரும் என்னைத் தொடக்கூடாது. நீயும்தான்" என்றாள். அக்கா அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. டாக்டர் இன்னொன்று சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்றார்.

அக்கா திரும்பி வருவதற்குள் குளியலறையை மாற்றிவிட வேண்டும் என்று சின்னவள் பறந்தாள். வழுக்காத டைல்ஸ், பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. ஆபீசில் யாரோ கைகாட்டிய காண்ட்ராக்டர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, காதோரம் பென்சில், பார்த்தவுடன் "தங்கச்சி" என்று ஒட்டிக்கொள்ளும் வாய். அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். டைல்ஸ் வந்துடுமா? ஆயிடும். அடுத்த வாரத்துக்குள் முடியுமா? ஆயிடும். தரை வழுக்காதே? ஆயிடும் தங்கச்சி, எல்லாம் ஆயிடும். தெருவில் அவருக்கு 'ஆயிடும்' என்றே பெயர் என்பது சின்னவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆயிடும் தினமும் காலையில் வந்து கொத்தனாரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு ஸ்கூட்டரில் பறந்துவிடுவார். கொத்தனார் பாட்டுக்கு வேலை செய்தார். சின்னவள் ஆபீசில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த அன்று மாலை, ஆயிடும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே நின்று ஊற்றிக் காட்டினார். தண்ணீர் கலகலவென்று இறங்கியது. டைல்ஸ் கண்ணைப் பறித்தது. மறுநாள் அக்கா வருகிறாள். தலைவலி வேறு.

"திருப்திதானே தங்கச்சி? எல்லாம் சரிதானே?"

"சரிங்கண்ணே" என்றாள் சின்னவள். பேசிய பணத்தையும் அப்படியே கையில் கொடுத்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது அந்த நிமிஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்த அக்கா புது டைல்சைத் தடவிப் பார்த்தாள், கம்பியை ஆட்டிப் பார்த்தாள், "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டே அதுதான். தன் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஏதாவதுன்னா ஊதுறேன், நீ இங்கேயே நில்லு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடக்கூடாது என்று மட்டும் சின்னவள் கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

சற்று நேரத்துக்கெல்லாம் விசில் கேட்டது.

சின்னவள் பாய்ந்து போய்த் திறந்தாள். அக்கா மேடைமேல் உட்கார்ந்திருந்தாள், விழவில்லை. ஆனால் ஊற்றிய தண்ணீரெல்லாம் எங்கும் போகாமல் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் சோப்பு நுரை மிதந்தது. ஊன்றி எழுந்திருக்க வேண்டிய வாக்கரின் நாலு காலும் அந்த நுரைக்குள் நின்றன. ஓட்டை இருந்த மூலை உயரத்தில் வறண்டு கிடந்தது.

தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போக வேண்டும் என்றால் தரை அந்தப் பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். வாட்டம் என்பார்கள். இந்தத் தரை எதிர்ப்பக்கம் வாட்டம் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்று வாளியைக் கவிழ்த்தால் எந்த ஓட்டையிலும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும்.

"கையைக் கொடு" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் நுரைக்குள் இறங்கிக் கையைக் கொடுத்தாள்.

அன்றைக்கே போன் செய்தாள். நன்றாகச் சத்தம் போடுவது என்று மனதுக்குள் வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு, குளியலறையில் நின்றபடியே செய்தாள்.

"அண்ணே, தண்ணி நிக்குதுண்ணே."

"அய்யோ, நிக்குதா?" ஆயிடும் அவளைவிட அதிகமாகப் பதறினார். "புதுத் தரை தங்கச்சி, கொஞ்சம் பழகணும். இங்க ஒரு சைட்ல ஆள் வரல, காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நானு. தலையே வெடிக்குது."

"அய்யோ, சாப்பிடாம இருக்காதீங்கண்ணே."

"நீங்க ஒருத்தர்தான் தங்கச்சி புரிஞ்சுக்கிறீங்க. ரெண்டு நாள்ல வந்து பாக்குறேன். சரிதானே?"

"சரிங்கண்ணே."

போனை வைத்த பிறகுதான் நடந்தது உறைத்தது. புகார் சொல்லப் போனவள் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. ஒவ்வொரு தடவையும் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு சரி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார், வெறுங்கையோடு இல்லை. நீளக் கைப்பிடி வைத்த, தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பர் ஒன்றைப் புது பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். "குளிச்சதும் இதால ஒரு தள்ளு தள்ளிட்டா போதும். என் செலவு, நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றார், தானம் செய்கிற முகத்தோடு. சின்னவள் வாய் தானாகவே நன்றி சொன்னது. இடுப்பில் கம்பியும் கையில் வாக்கருமாக இருக்கிறவள் எந்தக் கையால் வைப்பரைத் தள்ளுவாள் என்று கேட்கத் தோன்றியது அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய பிறகுதான்.

அக்கா எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட நீ சண்டை போடல" என்றாள். "ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசி அனுப்புற. அந்தாளு உன்கிட்ட புகார் கொடுத்துட்டுப் போறாரு."

"நான் என்னக்கா பண்றது, வாய் அப்படிப் பழகிடுச்சு."

"என் இடுப்பும் பழகிக்கணும்போல" என்றாள் அக்கா. அவள் கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் குரலில் கிண்டல் இல்லை. அன்றிலிருந்து குளியல் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். காலையில் சின்னவள் ஆபீஸ் போகுமுன் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவாள், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையைக் காலைத் தருவாள். மைதானத்தையே ஆட்டிவைத்தவள் சொன்னபடியெல்லாம் திரும்பினாள். திட்டினால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் ஆபீசில் ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெரியவர், மெதுவான குரல். மெஷினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது என்றார். சின்னவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். உங்க கோபம் நியாயமானதுங்க என்றாள். "எனக்குக் கோபம் இல்லம்மா, தண்ணி வருது" என்றார் அவர். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம், சரிங்களா என்றாள். "தண்ணி இப்ப வருது" என்றார். அதுவரைக்கும் அடியில் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளலாமே, சரிங்களா? "வச்சாலும் வருதும்மா." கத்தவில்லை, போனை வைக்கவும் இல்லை. அவள் பேச்சை நிறுத்தினால் அவரும் பேசாமல் காத்திருந்தார். அந்த மௌனம் தாங்காமல் அவளே இன்னொன்றைக் கொடுக்க முன்வந்தாள், அது முடிந்ததும் இன்னொன்று. கடைசியில் மேலதிகாரியே வந்து, அன்று சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். ஆளையே தின்கிற அந்த ஒரு மௌனத்துக்குத்தான் அந்த ஆபீஸ் முழுக்கப் பயப்படும். 

அன்று வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா கட்டிலில் இல்லை. கூப்பிட்டாள், பதில் இல்லை. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அக்கா மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் சுவர்க் கம்பியைப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்து உடம்பு நடுங்கியது. வாக்கர் எதிர்ச் சுவரோரம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தபோது அது நுரையில் சறுக்கிக்கொண்டு கைக்கு எட்டாமல் போய்விட்டது. கம்பி மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு கதையாகியிருக்கும். எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தரையில் தண்ணீர் ஆறிப்போய் அப்படியே நின்றது. விசில் அவள் கழுத்தில்தான் இருந்தது.

"ஊதக்கூடாதாக்கா? பக்கத்து வீட்லேருந்து யாராவது வந்திருப்பாங்களே."

"வந்து?" என்றாள் அக்கா. "வந்து என்ன பாக்கணும்?"

சின்னவள் ஈரத்தில் மண்டியிட்டு அக்காவின் பாதத்தைத் துடைத்தாள். அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. இத்தனை வருஷமாக ஊர்க் கோபத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டவளுக்குத் தன் கோபம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அது கத்தச் சொல்லவில்லை. வாயை மூடச் சொன்னது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, நாலு தெரு தள்ளி ஆயிடும் வேலை எடுத்திருந்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் குளியலறைதான். மணல் மூட்டைகளுக்கு நடுவே அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு டைல்ஸ் மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"தண்ணி நிக்குதுண்ணே."

"தெரியும் தங்கச்சி, மறக்கல. இந்த வேலை முடியட்டும், அடுத்து உங்களுதுதான். சரிதானே?"

சின்னவளின் தொண்டை வரை அது வந்துவிட்டது. வந்ததை விழுங்கினாள். ஒன்றும் சொல்லாமல் நின்றாள். ஆயிடும் அவள் முகத்தைப் பார்த்தார், டைல்சைப் பார்த்தார், வீட்டுக்கார அம்மாளைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"யாரு இவங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"நம்ம தங்கச்சிதாம்மா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"எங்க வீட்டுக் குளியலறை இவர் பண்ணினதுங்க" என்றாள் சின்னவள். "தண்ணி நிக்குது." அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த அம்மாள் கையிலிருந்த டைல்சை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஆயிடும் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

சின்னவளின் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தில் பழைய இனிப்பு இல்லை. அக்கா கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். காலணியைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காம கேக்குறேன். வேலை முடிஞ்ச அன்னைக்கு நானே தண்ணி ஊத்திக் காட்டினேனா? சரிதானேன்னு கேட்டேனா? நீங்க உங்க வாயால சரின்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் இப்ப வந்து இன்னொருத்தர் வீட்டு வாசல்ல மானத்தை வாங்கினா எப்படி?"

நியாயமான அடிதான்.  எத்தனை பேரிடம் சின்னவளே இதைச் சொல்லியிருப்பாள்: போன தடவை நீங்க சரின்னு சொன்னீங்களேங்க. சொல்லிவிட்டு, அவர்கள் வாயடைத்து நிற்கும்போது நன்றி சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது அந்த இடத்தில் அவள் நின்றாள். 

"அந்தச் சரி செல்லாதுண்ணே" என்றாள்.  "அது என் வாய்ப்பழக்கம். இதுல குளிக்கப்போறது நான் இல்ல, அக்கா. அவங்க சொல்லணும். நீங்க செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

ஆயிடும் காலணியைக் கழற்றினார். சின்னவள் குழாயைத் திறந்து தண்ணீரை நிற்கவிட்டாள், சோப்பைக் கரைத்துவிட்டாள், அக்காவின் வாக்கரை மேடைக்கு முன்னால் வைத்தாள்.

"உக்காருங்கண்ணே. கம்பியைப் பிடிக்காம, வாக்கரை மட்டும் ஊனி எழுந்திருங்க."

"இதெல்லாம் என்ன விளையாட்டு" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு கையையும் வாக்கரில் ஊன்றி எழுந்தார். வாக்கர் நழுவியது. வலது கால் அவரைக் கேட்காமலே முன்னால் போனது. "அம்மா" என்று ஒரு சத்தம். கம்பியைத் தாவிப் பிடித்துத் தொங்கினார். மடிப்புக் கலையாத சட்டை தோள் வரை நனைந்தது. காதோரப் பென்சில் தண்ணீரில் விழுந்து, ஓட்டை இருக்கும் மூலைக்குப் போகாமல், வாசற்படியைப் பார்த்து மிதந்து வந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

சின்னவள் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. ஆயிடும் ஈரத்தோடு மேடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பழைய தரையை உடைக்கல" என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "அது மேலயே புது டைல்சை ஒட்டிட்டோம். உடைச்சா நாளாகும், நீங்களும் அவசரம்னீங்க. ஒட்டுனதுல ஓட்டைப் பக்கம் உயரம் ஏறிடுச்சு. கொத்தனார் சொன்னாரு. நான்தான் ஆயிடும்னேன்."

 அவசரம் என்று சின்னவள் சொன்னது உண்மைதான். அதற்காக வாயைத் திறந்தால் மன்னிப்புத்தான் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொரசொரப்பா ஒரு ரப்பர் பாய் போட்டுத் தரேன். சரிதானே?"

மௌனம்.

"ஓட்டைக்கிட்ட மட்டும் நாலு டைல்சை எடுத்துட்டு இறக்கித் தரேன். பாதிப் பிரச்சினை போயிடும். என்ன சொல்றீங்க?"

வாளியின் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; இங்கே அடிப்பதற்கு ஒருவரும் இல்லாமலே அம்மி நகர்ந்துகொண்டிருந்தது.  ஒரு மனுஷன் தன் எதிரில் இப்படித் தவிப்பதைப் பார்த்துச் சும்மா நிற்பது, சின்னவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை. பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"பாதித் தரையை உடைக்கிறேன்" என்றார் ஆயிடும். அப்புறம் தன் நனைந்த சட்டையைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாக எழுந்து வெளியே வந்தார். "முழுசா உடைச்சுடுறேன். பழசையும் சேர்த்து, அடி வரைக்கும். ரசமட்டம் வச்சு நானே நின்னு வாட்டம் பாக்குறேன். உங்களுக்கு ஒரு செலவும் இல்ல. போதுமா?"

அப்போதும் சின்னவள் சரி என்று சொல்லவில்லை. "எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை வந்தார்கள். உடைக்கிற சத்தத்தில் வீடே அதிர்ந்தது, புழுதி கட்டில் வரைக்கும் படிந்தது, கூப்பிட்டால் காது கேட்கவில்லை. சின்னவள் லீவை நீட்டித்துக்கொண்டு வாசற்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கொத்தனாருக்கு அவளைப் பார்க்கப் பார்க்க வேர்த்தது. ஆயிடும் சொன்னபடி தானே மட்டம் வைத்துப் பார்த்தார், அக்கா நாற்காலியிலிருந்து "அந்த மூலை, அந்த மூலை" என்று டிரில் சொன்னாள். ஒருநாள் அக்கா எதையோ கேட்டதற்கு அவர் 'ஆயிடும்' என்று சொல்ல வாயெடுத்து, சின்னவளைப் பார்த்துவிட்டு, "பாத்துச் சொல்றேன்" என்றார்.

சிமென்ட் இறுகுவதற்கு விட வேண்டிய நாளும் விட்டு, ஒரு காலையில் அவர் வந்து வாளியைத் தூக்கினார்.

"வாளியை வைங்கண்ணே" என்றாள் சின்னவள். "அக்கா குளிக்கட்டும். குளிச்சு வெளிய வந்தப்புறம் தரையைப் பாப்போம்."

"அதுவரைக்கும் நான்?"

"உக்காருங்க."

அக்கா துண்டும் மாற்றுத் துணியுமாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பின், இத்தனை நாளும் போடக்கூடாது என்று சின்னவள் கெஞ்சிக்கொண்டிருந்த தாழ்ப்பாள், உள்ளே அழுத்தமாக விழும் சத்தம் கேட்டது.

சின்னவள் எழுந்தாள். "அக்கா, தாழ்ப்பாள்" என்றாள். பதிலுக்குத் தண்ணீர் திறக்கிற சத்தம்தான் வந்தது.

ஆயிடும் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். வேறு பக்கம் பார்க்க அவருக்குக் கூச்சம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், செம்பு வாளியில் இடிக்கிற சத்தம். விசில் கேட்கிறதா என்று சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அப்படியே கண்ணைத் திருப்பியபோது அக்காவின் கட்டில் தென்பட்டது. தலைமாட்டுக் கம்பியில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அதை உள்ளே எடுத்துக்கொண்டு போகவில்லை. உள்ளிருந்து தாழ்ப்பாளும் போட்டாயிற்று.  ஆயிடும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். அவரும் எழுந்துவிட்டார். தண்ணீர் நின்றது. எதையோ தரையில் வைக்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. சின்னவள் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள், ஓங்கிய கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். தட்டினால் அக்கா திடுக்கிட்டுத் திரும்புவாள். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆயிடும் உதடு ஏதோ முணுமுணுத்தது; அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

வாக்கரின் கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. டக். இன்னொன்று, டக். சறுக்குகிற சத்தம் இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. அக்கா தலையில் துண்டு கட்டி, புதுத் துணி உடுத்தி, தன் கையாலேயே எல்லாம் செய்துகொண்டு வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன, சோப்பாலா வேறு எதனாலா என்று சின்னவள் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் தரை ஈரம் மினுங்க, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காமல் கிடந்தது.

"விசிலை விட்டுட்டுப் போயிட்டியேக்கா" என்றாள் சின்னவள். 

"அதை எதுக்கு நனைக்கணும்" என்றாள் அக்கா.

ஆயிடும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் பதிலுக்குக் காத்திருந்தார். "எல்லாம் சரியா இருக்காக்கா?"

அக்கா வாக்கரை நிறுத்திவிட்டு, தரையைத் திரும்பிப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கும் குளிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.